வெட்டும் இயந்திரத்தில் கிறிஸ்துமஸ் தொங்கல்கள்: தாளும் ஈரமும் தமிழ்ப் புள்ளியும்

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரிலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி விடுமுறைக்கு வந்தபோது கணினியில் கொடுத்த வடிவத்தைத் தாளில் தானே வெட்டித் தரும் கிறிக்கட் எக்ஸ்ப்ளோர் வகை இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இணையத்திலிருந்து இறக்கிய பனிப்பூ வடிவங்களைச் சார்ட் தாளில் வெட்டியபோது முனைகள் கிழிந்தன. கிழியாமல் தப்பியவை மரத்தில் மாட்டிய இரண்டாம் நாளே வாடிய இலைபோலத் துவண்டன. ‘இம்மானுவேல்’ என்று வெட்டிய பெயர் துண்டு துண்டாக வந்தது. இவற்றை எப்படிச் சரிசெய்வது, சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் நடத்தும் விற்பனையில் வைக்கும் தரத்துக்குச் செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். நாகர்கோவிலில் திருமண அழைப்பிதழ் அச்சகம் ஒன்றில் நெடுநாள் தாளோடு புழங்கியவன் நான். வீட்டில் இப்படியோர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஏழு டிசம்பர்களாகத் தொங்கல்கள் செய்துவருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. மூன்று குறைகளில் முதலாவது பாதி பிளேடையும் பாதி தாளையும் சார்ந்தது; இரண்டாவது முழுக்க நம் மாவட்டத்து மழைக்காலத்தைச் சார்ந்தது; மூன்றாவது தமிழ் எழுத்தின் அமைப்பைச் சார்ந்தது. இயந்திரத்தோடு வரும் குறிப்புகள் வேறு காற்றையும் வேறு எழுத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், கடைசி இரண்டையும் பற்றி அவற்றில் ஒன்றும் கிடைக்காது. எனவே அவற்றைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் பிளேடு. கத்தரிக்கோல் தாளை இரு பக்கமிருந்தும் பிடித்து வெட்டுகிறது. இந்த இயந்திரத்தில் இருப்பதோ தாளின் மேல் இழுபடும் ஒரு சிறு கத்தி. இரும்பு அலமாரியின் அடியில் இருக்கும் உருளும் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அலமாரியை எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தன் தண்டுக்குச் சற்றுப் பின்தங்கி அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். பிளேடின் முனையும் அப்படித்தான் தன் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டுவந்து, வளைவுகளில் தானே திரும்புகிறது. அகலமான வளைவில் இதனால் தொல்லை இல்லை. ஊசிமுனை போன்ற மூலையில் கத்தி நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டியிருப்பதால், தாள் மென்மையாகவோ ஈரமாகவோ இருந்தால் அந்தத் திருப்பத்தில் நார் பிய்ந்து மேலே எழும்பும். உங்கள் பனிப்பூவின் முனைகள் கிழிந்தது இதனால்தான். பனிப்பூ வடிவம் முழுவதுமே மூலைகளால் ஆனது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அதைவிடக் கடினமான பாடம் கிடையாது.

மூலைகளைச் சிறிது உருட்டிவிட்டாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். மீதிப் பாதி தாளில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் சார்ட் தாள் பள்ளிக்கூடத்துப் படம் வரைவதற்குப் போதுமானது. அதன் நார் தளர்ந்திருப்பதால் நுண்ணிய வெட்டுக்கு ஆகாது. 200 முதல் 250 ஜி.எஸ்.எம். வரையுள்ள, கெட்டியாக அழுத்தப்பட்ட அட்டைத் தாளை வாங்குங்கள். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான். அழைப்பிதழ் அச்சகங்களில் ஐவரி போர்டு என்றும் மெட்டாலிக் போர்டு என்றும் சொல்லும் தாள்கள் மிக நன்றாக வெட்டுப்படும். முழுத்தாளை அழைப்பிதழ் அளவுக்கு நறுக்கியபின் ஓரத்தில் மிஞ்சும் நீளத் துண்டுகளை அச்சகத்தார் எடைக்குத்தான் போடுவார்கள். நான்கு விரல் அகலமுள்ள துண்டு ஒரு தொங்கலுக்குத் தாராளம். கேட்டால் கொடுப்பார்கள். நானே பலருக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறேன்.

பிளேடில் ஒட்டியிருக்கும் நார்த்துகளும் கிழிசலுக்குக் காரணமாகும். சமையலறை அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி, பிளேடை வெளியே தள்ளிப் பிடித்து அதில் ஐம்பது அறுபது முறை குத்தி எடுத்தால் துகள் நீங்கும். எந்தத் தாளானாலும் முதலில் ஒரு மூலையில் சிறு சதுரத்துக்குள் ஒரு முக்கோணத்தை வெட்டிப் பாருங்கள். முக்கோணம் தானாகக் கழன்று, மூலைகள் கூராக நின்றால் மட்டும் முழு வேலையைத் தொடங்கலாம். வெட்டி முடித்ததும் மேட் எனப்படும் ஒட்டும் பலகையிலிருந்து தாளை உரித்து எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தாளை உரித்தால் அது சுருண்டுவிடும், அந்தச் சுருளை எந்த இஸ்திரியும் முழுதாக நீக்காது. பலகையைக் குப்புறக் கவிழ்த்து, தாளை மேசையோடு ஒரு கையால் அமர்த்திக்கொண்டு, பலகையை மேல்நோக்கி வளைத்து உரிக்க வேண்டும்.

இனி ஈரம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழைகளும் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. அதாவது நாம் மரம் வைத்து ஸ்டார் கட்டும் நாள்களில்தான் காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. தாளின் நார் ஈரத்தை உறிஞ்சும்போது நீளவாக்கில் கொஞ்சமும் குறுக்குவாக்கில் அதிகமாகவும் பருக்கும். நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருப்பதால் தாள் முழுவதும் அதே போக்கில் விரிகிறது. இரு பக்கமும் சமமாக விரியாதபோது வளைகிறது. ஒருபுறம் மட்டும் பளபளப்புப் பூச்சோ மினுக்குத்தூளோ உள்ள தாள் மற்றவற்றுக்கு முன்னதாகச் சுருளுவதும் இதனால்தான். பூச்சுள்ள பக்கம் ஈரத்தை வாங்குவதில்லை.

நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க அச்சகத்தில் நாங்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. தாளின் ஓரத்திலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, எந்தப் பக்கம் மேல் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒரு முகத்தை மட்டும் ஈரத் துணியால் துடையுங்கள். சில விநாடிகளில் அது குழாய்போலச் சுருளத் தொடங்கும். அந்தக் குழாயின் நீளவாக்கு எதுவோ அதுதான் நார் ஓடும் திசை. இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு பயன் உண்டு. தொங்கலின் உயரம் நார்த்திசையில் அமையுமாறு வடிவத்தை வைத்தால், மேலே நூலில் தொங்கும்போது அது முன்னும் பின்னும் வளைவது வெகுவாகக் குறையும். நார்த்திசையில் மடித்தால் மடிப்பு வெடிக்காமல் கத்திபோல் விழும். குறுக்கே மடித்தால் வெள்ளை நார் வெளியே தெரியும்.

தாளை வாங்கி வந்த அன்றே பெரிய பிஸ்கட் டின்னிலோ இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியிலோ வையுங்கள். மருந்துப் புட்டிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கியெறியாமல் சேர்த்து அதனுள் போட்டுவையுங்கள். வெட்டுவதற்கு முன் தாள் துவண்டிருந்தால், ஆவி இல்லாத மிதமான சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து இஸ்திரி போட்டு, உடனே வெட்டுங்கள். மினுக்குத்தூள் தாளுக்கும் மெட்டாலிக் தாளுக்கும் இஸ்திரி வேண்டாம், பூச்சு உருகும். செய்து முடித்த தொங்கலுக்கு ஓவியக் கடைகளில் கிடைக்கும் தெளிந்த அக்ரிலிக் வார்னிஷை இரண்டு பக்கமும் மெல்லியதாக அடித்துக் காயவிட்டால் அது மழைக்காலத்தைத் தாங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் அடித்துவிட்டு நேரமில்லை என்று விட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும்; அதற்குக் காரணம் மேலே சொன்னதுதான்.

ஈரத்தின் தங்கை பூச்சி. முதல் ஆண்டில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக அறுபது தொங்கல்களை மைதாப் பசையில் ஒட்டினேன். மீந்தவற்றை அட்டைப் பெட்டியில் கட்டிப் பரணில் வைத்து, மறு ஆண்டு கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த கையோடு பிரித்துப் பார்த்தால், ஒட்டிய இடங்களை மட்டும் இராமபாணப் பூச்சி சுத்தமாகத் தின்றிருந்தது. வெட்டிய தாள் அப்படியே பிரிந்து கிடந்தது. அன்றிலிருந்து ஃபெவிகால்தான். அதிலும் தண்ணீர் இருப்பதால், விரலால் தடவாமல் விளக்குமாற்று ஈர்க்கின் நுனியில் தொட்டு, எள்ளளவு வைத்தால் போதும்.

அடுத்தது எடை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் மரத்தின் கிளையில் கம்பி இருக்கிறது. நம் வீடுகளில் பலரும் வைப்பது சவுக்குக் கிளை. அதன் பச்சை நுனி மயிரிழைபோல மெல்லியது, கொஞ்சம் பளுவைத் தூக்கினாலும் தலை கவிழும். 250 ஜி.எஸ்.எம். தாளில் 8 செ.மீ. சதுரம் ஒன்று 1.6 கிராம்தான் வரும். அதில் வெட்டி நீக்கியது போக மிஞ்சுவது ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சவுக்கு அதைத் தாங்கும். காகித உருண்டை செய்ய 7 செ.மீ. விட்டமுள்ள பத்து வட்டங்களை 220 ஜி.எஸ்.எம். தாளில் வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, முதுகோடு முதுகாக ஒட்டுவார்கள். அது எட்டரை கிராம் அளவுக்கு வந்துவிடும். நுனியில் மாட்டினால் கிளை வளையும். தண்டை ஒட்டி மாட்ட வேண்டும், அல்லது வட்டங்களை ஆறாகக் குறைக்க வேண்டும். ஆறு வட்டத்தில் உருண்டை என்னவோ குறைவாகத்தான் தெரியும், ஆனால் காற்றில் நன்றாகச் சுழலும்.

இப்போது நீங்கள் கேட்ட ‘இம்மானுவேல்’. ரோமன் எழுத்தில் சாய்வாக எழுதும் பாணியில் ஒரு சொல்லின் எல்லா எழுத்துகளும் ஒரே கோடாக இணைந்துவிடுகின்றன. தமிழில் அப்படி இல்லை. இந்தச் சொல்லை அப்படியே வெட்டினால் இ ஒரு துண்டு, ம் என்பதில் எழுத்தும் புள்ளியும் இரண்டு, மா என்பதில் எழுத்தும் காலும் இரண்டு, னு ஒன்று, வே என்பதில் கொம்பும் எழுத்தும் இரண்டு, ல் என்பதில் மறுபடியும் இரண்டு. ஆக மொத்தம் பத்துத் துண்டுகள். இவற்றுள் இரண்டு வெறும் புள்ளிகள். பலகையிலிருந்து எடுக்கும்போதே எங்கோ போய்விடும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதியதற்கு, எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். எழுதும் பொருளே எழுத்தை மாற்றிய கதை அது. நமக்குப் புள்ளியை விட்டுவிட வழியில்லை. ‘இமமானுவேல’ என்று வெட்டி மரத்தில் தொங்கவிட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். இயந்திரத்தோடு வரும் டிசைன் ஸ்பேஸ் மென்பொருளில் தமிழை நேரடியாகத் தட்டச்சு செய்வதைத் தவிர்த்துவிடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் வாய்ப்பு உண்டு. இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் தடித்த யூனிகோடு எழுத்துரு ஒன்றில் சொல்லை எழுதி, பெரிதாக்கி, ‘பாத்’ எனப்படும் வெறும் கோட்டுருவாக மாற்றிக்கொள்ளுங்கள். அதன்பின் அது எழுத்து அல்ல, படம். எந்தக் கணினியிலும் குலையாது. இனி எழுத்துகளை ஒன்றோடொன்று சற்று மோதுமாறு நெருக்கி வையுங்கள். ம-வின் வலக்காலும் அடுத்த எழுத்தின் இடமும் ஒரு மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் போதும். சொல்லின் அடியில் 3 மி.மீ. உயரமுள்ள பட்டை ஒன்றை எல்லா எழுத்தின் பாதத்தையும் தொடுமாறு ஓடவிடுங்கள். புள்ளிகளைக் கீழே இறக்கி எழுத்தின் தலையைத் தொடச் செய்யலாம். ஆனால் அப்படிச் செய்தால் சில எழுத்துகளில் அது புள்ளியாகத் தெரியாமல் கொழுக்கட்டைபோல் ஒட்டிக்கொள்ளும். அதைவிட, சொல் முழுவதையும் ஒரு வளையத்துக்குள் அமைத்து, புள்ளிகள் வளையத்தின் மேல் விளிம்பிலிருந்து திராட்சைபோல் தொங்குமாறு வைப்பது என் விருப்பம். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும், புள்ளியும் விழாது. எல்லாவற்றையும் தேர்ந்து ஒன்றாக இணைத்து, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து, பிறகு டிசைன் ஸ்பேஸில் ஏற்றுங்கள்.

இதற்கு நேர் எதிரான முறை, வட்டமான அட்டையில் எழுத்துகளைச் சன்னலாக வெட்டி எடுப்பது. அங்கே புள்ளி சிக்கலே இல்லை. அது ஒரு சிறு ஓட்டையாகிவிடும். ஆனால் ண, னு, வே போன்ற எழுத்துகளின் சுழிக்குள் அடைபட்ட தாள் விழுந்துவிடும். சுழியின் உட்பகுதியை வெளித்தாளோடு சேர்க்க இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பாலம் விட வேண்டும். பழைய கடைப் பலகைகளையும் சிமெண்டு மூட்டைகளையும் பாருங்கள். தகரத்தில் வெட்டிய அச்சால் எழுதியவற்றில் எழுத்து ஆங்காங்கே அறுபட்டுத் தெரியும். அந்த அறுபட்ட இடங்கள்தான் பாலம். 200 ஜி.எஸ்.எம். தாளில் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த பாலத்தை நம்பாதீர்கள். பனிப்பூவானாலும் தேவதையின் சிறகானாலும் இந்த அளவு பொருந்தும்.

டிசைன் ஸ்பேஸைப் பற்றி இன்னும் ஒரு குறிப்பு. பல வடிவங்களை ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு வெட்டக் கொடுத்தால், அது தாளை மிச்சப்படுத்துவதாக நினைத்து அவற்றைக் கலைத்துத் தன் விருப்பம்போல் மாற்றி அடுக்கும். நீங்கள் வைத்த இடத்திலேயே வெட்ட வேண்டுமானால் ‘அட்டாச்’ கொடுக்க வேண்டும். பல பாகங்களை ஒரே வடிவமாக உருக்க வேண்டுமானால் ‘வெல்ட்’. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தாளை வீணாக்காதவர் யாரும் இருக்க முடியாது.

வடிவங்களைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், பனிப்பூவை ஒதுக்கிவைக்கச் சொல்வேன். அது நம் ஊரில் விழுவதில்லை என்பதற்காக அல்ல, கரும்பலகையில் வரைந்ததுபோல் எல்லாரிடமும் ஒரே பனிப்பூதான் இருக்கிறது என்பதற்காக. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1821-இல் பெண்களுக்குப் பின்னல் லேஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அந்தக் கைவேலை பல தலைமுறைகளுக்குக் குமரிப் பெண்களின் கைகளில் இருந்தது. தலையணைமேல் ஓர் அட்டையை விரித்து, அதில் முன்பே குத்திய துளைகளில் ஊசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றி இட்டுப் பின்னுவது அதன் முறை. துளைகளுக்கு நடுவே நூல் அறுபடாமல் ஓட வேண்டும் என்பதே அந்த வேலையின் கணக்கு. தாளில் பாலம் விடும் கணக்கும் அதுதான். உங்கள் வீட்டில் பாட்டியின் பழைய லேஸ் விளிம்பு ஏதேனும் இருந்தால், கறுப்புத் துணியின்மேல் விரித்து நேர்மேலிருந்து படம் எடுத்து, இங்க்ஸ்கேப்பில் உள்ள படத்தைக் கோடாக்கும் வசதியில் கொடுத்துப் பாருங்கள். முதலில் ஆயிரம் சிறு துகள்களோடு குப்பைபோல் வரும். ஒரேயொரு பூவை மட்டும் தேர்ந்து, மெல்லிய இழைகளைத் தடித்தாக்கி, அதை ஒரு வட்டத்தைச் சுற்றி எட்டு முறை திருப்பி வைத்தால், எந்தக் கடையிலும் கிடைக்காத தொங்கல் ஒன்று உங்களுக்குக் கிடைக்கும்.

நட்சத்திரம் செய்யாமல் நம் வீடுகளில் டிசம்பர் கழியாது. மூங்கில் சிம்புகளைக் கட்டி வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டிய ஸ்டார் நினைவிருப்பவர்களுக்கு அதன் சிறு வடிவத்தைப் பரிந்துரைக்கிறேன். அட்டையில் ஐந்து முனை நட்சத்திரத்தின் வெறும் சட்டத்தை, கோயில் சன்னல்போல் உள்ளே பிரிவுகளோடு, 10 செ.மீ. அளவில் வெட்டுங்கள். அதே சட்டம் இன்னொன்றும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே சிவப்பு, மஞ்சள், நீலக் கண்ணாடித்தாள் துண்டுகளை வைத்து ஒட்டினால் பின்னால் விளக்கு வரும்போது ஒளிரும். உங்கள் வடிவம் இடமும் வலமும் ஒத்ததாக இல்லாவிட்டால், இரண்டாவது சட்டத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வெள்ளைப் பின்புறமுள்ள வண்ண அட்டையில் இதை மறந்தால் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக நிற்கும். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மறந்தவன் சொல்கிறேன்.

புடைத்து நிற்கும் நட்சத்திரம் வேண்டுமானால், நட்சத்திரத்தின் நடுவிலிருந்து ஐந்து முனைகளுக்கும் ஐந்து உள்மூலைகளுக்கும் பத்துக் கோடுகள் வரைந்து, அவற்றை வெட்டாமல் அழுத்தும் கோடுகளாக மாற்றுங்கள். அழுத்தும் ஊசி இல்லாவிட்டால் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் இரும்பு அளவுகோலும் போதும். முனைக்குப் போகும் கோடுகளை மேல்நோக்கியும் உள்மூலைக்குப் போகும் கோடுகளை உள்நோக்கியும் மடித்தால் தட்டைத் தாள் குன்றுபோல் எழும்பும். இப்படி இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்க்க வேண்டும். இதிலும் துணிவு பிறந்தால் மொரேவிய நட்சத்திரத்துக்குப் போகலாம். ஜெர்மனியில் மொரேவியத் திருச்சபையாரின் பள்ளியில் வடிவகணிதப் பாடமாகத் தோன்றிய அந்த நட்சத்திரத்தில் நான்கு பக்கமுள்ள 17 கூம்புகளும் மூன்று பக்கமுள்ள 8 கூம்புகளும் உண்டு. கூம்புகளை இயந்திரம் சலிக்காமல் வெட்டும், ஒட்டுவது நீங்கள்தான். கடைசிக் கூம்பை ஒட்டும்போது உள்ளே விரல் நுழைய இடம் இருக்காது. முதல் முயற்சியை விற்பனைக்கு என்று தொடங்காதீர்கள்.

பனையோலையை வெட்ட முடியுமா என்று பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். முடியும், ஆனால் ஓரளவுக்குத்தான். வெளுத்த குருத்தோலையை நிழலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, துணிக்கடியில் இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி, அதிகம் ஒட்டும் வகைப் பலகையில் நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, மெதுவான வேகத்தில் வெட்ட வேண்டும். நரம்பு ஓடும் திசையில் வெட்டு வெண்ணெய்போல் போகும். குறுக்கே போகும் வளைவுகளில் ஓலை நரம்புவழியே பிளந்துகொள்ளும். மீன், மணி, விளக்கு போன்ற உருண்ட வடிவங்கள் தேறுகின்றன. நட்சத்திரத்தில் ஐந்தில் இரண்டு முனை உடைகிறது. ஓலையில் முனை கூரான வடிவம் வேண்டுமானால் இயந்திரத்தை விட்டுவிட்டு, ஓலைப்பெட்டி முடையத் தெரிந்த ஒருவரிடம் போவது நல்லது.

வினைல் ஸ்டிக்கரைத் தெளிந்த பிளாஸ்டிக் உருண்டைகளில் ஒட்டுவது எளிது. மேலே உள்ள வினைலை மட்டும் வெட்டி அடித்தாளை வெட்டாமல் விடும் அழுத்தத்தைத் தேர்ந்துகொண்டால் போதும். உருண்டையில் நீளச் சொல் சுருக்கம் விழும் என்பதால் ஒரு பெயர், ஓர் ஆண்டு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இதே வினைலை நகரத்து லேசர் வெட்டும் கடையில் கொடுத்து வெட்டச் சொல்லாதீர்கள், அது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக், எரிந்தால் நச்சுப் புகை வரும், பொறுப்பான கடைக்காரர் வாங்கவே மாட்டார்.

தாள் தொங்கல்களுக்கு அருகே எல்.இ.டி. விளக்குகளை மட்டும் வையுங்கள். ஸ்டாருக்குள் போடும் பழைய ஜீரோ வாட் பல்பு, பெயர்தான் ஜீரோவே தவிர, இழை வகையாக இருந்தால் 12 முதல் 15 வாட் வரை எடுத்துக்கொண்டு தாளைத் தொடர்ந்து சூடாக்கும். மின்சாரத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று: வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும், திரும்பத் தொடங்கினால் கோட்டின்மேல் கோடு சரியாக விழாது. மழை இருட்டிக்கொண்டு வரும் மாலைகளில் பெரிய தாளைக் கொடுக்காமல் ஒவ்வொரு தொங்கலாக வெட்டுங்கள், அல்லது இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பிளக்கில் போடுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபின் நம் மாவட்டத்தில் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது. அந்த ஆண்டு எங்கள் வீட்டுத் தொங்கல்கள் அனைத்தும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கத்தரிக்கோலால் வெட்டியவை. பாலம் எங்கே விடவேண்டும் என்று எனக்கு உண்மையில் புரிந்தது அப்போதுதான்; ஆகவே புதிய வடிவம் எதையும் முதலில் ஒரு முறை கையால் வெட்டிப் பார்க்கும் வழக்கத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

விற்பனை பற்றிக் கடைசியாக. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வடிவங்களில் பல, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருபவை. சபைக்காக விற்றாலும் அது விற்பனைதான். கார்ட்டூன் உருவங்களைத் தொடவே வேண்டாம். நீங்களே வரைந்த லேஸ் பூவுக்கும் பெயர் வளையத்துக்கும் அந்தத் தொல்லை இல்லை. விலை வைக்கும்போது தாளின் விலையை மட்டும் பார்த்துக் குறைத்துவிடாதீர்கள். என் கணக்கில், கண்ணாடித்தாள் நட்சத்திரம் ஒன்றை இயந்திரம் வெட்ட நான்கு நிமிடம். உள்ளே உள்ள துண்டுகளை ஊசியால் நீக்கி, கண்ணாடித்தாள் பொருத்தி, ஒட்டி, நூல் கோக்க இருபத்தைந்து நிமிடம். பெயர் வளையத்துக்கு ஒட்டும் வேலை இல்லை என்பதால் பத்து நிமிடத்தில் முடியும், கேட்டு வாங்குபவர்களும் அதற்குத்தான் அதிகம். பெயர்களை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; எழுதியவரிடமே ஒரு முறை படித்துக் காட்டி, ‘ஜெ’யா ‘ஜே’யா, ‘ன்’னா ‘ண்’ணா என்று உறுதிசெய்த பிறகு தாளை ஏற்றுங்கள்.

உங்கள் மூன்று குறைகளில் எதையாவது இந்த முறையில் செய்தும் சரியாகவில்லையென்றால், எந்தத் தாள், எத்தனை ஜி.எஸ்.எம்., வெட்டிய அன்று மழை பெய்ததா என்ற மூன்றையும் குறித்து எழுதுங்கள்.